மத்தியானம் ஒரு மணிக்கு வந்த அப்டேட்

கயலு, இளங்கோ, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கயல் என் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, ஏழு மாசமா அப்டேட்டே போடாம வச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். இளங்கோ சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பாவுக்குக் கம்ப்யூட்டர்னாலே பயம்க்கா" என்றான். உங்கள் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். நான் கை கழுவ எழுந்து போய்விட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான், ஆனால் உங்கள் மேல் இல்லை.

பயம் என்று சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பத்தோரு வருஷம் கரண்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படக் கூடாது என்று கொஞ்சம் தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நான் ஐ.டி.ஐ.யோடு நின்றவன்.

குன்னத்தில் தாத்தாவுக்கு இருந்தது மானாவாரி நிலம். மழை வந்தால் பருத்தியும் மக்காச்சோளமும் வரும், வராவிட்டால் வராது. நான் பெரம்பலூரில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் ஏணி தூக்கினேன். பிறகு ஆலைக்குள் இருக்கும் சப்-ஸ்டேஷனில் ஆபரேட்டர் ஆக்கினார்கள். படித்த காலத்தைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது.

சப்-ஸ்டேஷன் என்றால் உங்களுக்குத் தெரியும், சின்னதில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். அங்கிருந்து ஆலைக்கும், சுரங்கத்துக்கும், காலனிக்கும் தனித்தனி லைன் போகும். ஒன்று மட்டும் தூரம் போகும். திருமழபாடிக்குப் பக்கத்தில் கொள்ளிடக் கரையில் ஆலைக்குத் தண்ணீர் எடுக்கும் பம்பு இருந்தது. அதற்குப் போகிற லைனை நாங்கள் ஆற்று லைன் என்போம். பதினோராயிரம் வோல்ட்.

லைனில் யாராவது ஏறி வேலை பார்க்க வேண்டுமென்றால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும். நாங்கள் பிரேக்கர் ஸ்விட்சை இறக்கி, பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "லைன் கிளியர்" என்று சொல்வோம். அதற்கு மேல்தான் ஏறலாம். வேலை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு லைன் கிளியரைத் திருப்பித் தருவார்கள். அப்புறம்தான் ஸ்விட்சைப் போடலாம். என் வேலை மொத்தமும் இந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடும். எல்லோரும் இறங்கியாச்சா, இல்லையா?

செல்ஃபோன் வந்த புதிதில் ஒரு நாள். காலனி லைனில் நான்கு பேர் வேலை செய்தார்கள். சூப்பர்வைசர் ஃபோன் செய்து, "எல்லாரும் எறங்கியாச்சு, போட்டுக்கலாம்" என்றார். நான் ஸ்விட்சு அறையை நோக்கி ஓர் அடி வைத்துவிட்டேன். ஃபோனை இன்னும் காதில்தான் வைத்திருந்தேன். சூப்பர்வைசருக்குப் பின்னால், உயரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "ண்ணே, இன்னும் ஒரு நட்டு இருக்குண்ணே!"

வைத்த அடியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. பசி. இறங்கிவிடுவான் என்று நினைத்துச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாளே நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிப் போட்ட ஒரு கரும்பலகையை வாங்கி வந்து மாட்டினேன். லைனில் ஏறுகிற ஒவ்வொருவன் பேரையும் சாக்பீஸால் எழுதுவேன். இறங்கிய பிறகு ஒவ்வொருவனும் அவனவன் வாயால் என்னிடம் "இறங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். குரல் கேட்டால் பேரை அழிப்பேன். பலகை காலியானால் ஸ்விட்சு. ஒருவனுக்காக இன்னொருவன் சொன்னால் செல்லாது.

முதலில் கிண்டல் செய்தார்கள். "தங்கராசு அண்ணன் அட்டெண்டன்ஸ் எடுக்கறாருடா" என்பார்கள். ஒருவன் "உள்ளேன் ஐயா" என்பான். இன்னொருவன் "எறங்கிட்டேன் சாமி, பொங்கச் சோறு எப்ப போடுவீங்க?" என்பான். சின்னதுரை என்று ஒரு லைன்மேன், ஏலாக்குறிச்சிக்காரன். அவன் எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்லுவான். "ரெண்டு காலும் தரையில இருக்குண்ணே. ஒரு செருப்பத்தான் காணோம்." கம்பத்தடியில் கழற்றிவிட்ட செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போனது ஒரு தடவை நிஜமாகவே நடந்தது. அதையே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு சந்தானம் சார் எலக்ட்ரிக்கல் மேனேஜராக வந்தார். அவரைப் பற்றி நான் நியாயமாக எழுத வேண்டும். யாரையும் மரியாதை இல்லாமல் கூப்பிட மாட்டார், கூட்டுகிற அம்மாவைக்கூட "வாங்க" என்றுதான் சொல்வார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் நம் பேரை இரண்டு தடவை சொல்வார், அவ்வளவுதான். எந்த அறைக்குள் வந்தாலும் முதலில் கோணலாகக் கிடக்கிற நாற்காலியை நேராக்குவார், பிறகுதான் உட்காருவார். மேசையில் ஸ்கேலும் பேனாவும் ஒரே கோட்டில் இருக்கும். அப்படிப்பட்டவருக்குச் சாக்பீஸ் தூள் உதிர்கிற பலகை பிடிக்குமா?

லைன் கிளியரெல்லாம் இனிமேல் கம்ப்யூட்டரில்தான் என்று உத்தரவு வந்தது. பர்மிட் என்கிற அனுமதிச் சீட்டில் நான் ஆட்களின் பேரை ஏற்றினால் திரை சிவப்பாகும். வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் தன் ஃபோனில் "முடிந்தது" என்று அமுக்கினால் பச்சையாகும். சந்தானம் சாரும் தன் அறையிலிருந்தே பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. பேரைத் தேட வேண்டாம், எழுத்து புரியாமல் விழிக்க வேண்டாம். நானும் கற்றுக்கொண்டேன், இரண்டு விரலால் அடிப்பேன்.

"தங்கராசு, இனிமே போர்டு வேணாம். ஆடிட்டுக்கு வர்றவங்க பார்த்தா நல்லாருக்காது. கழட்டிடுங்க" என்றார் சார்.

கழற்றினேன். எறியச் சொல்லவில்லையே. பேட்டரி ரூம் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டேன். ஃபோனிலும் ஒவ்வொருவனையும் கூப்பிட்டுக் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, சரியாக மத்தியானம் ஒரு மணிக்கு, யாரையும் கேட்காமல் திரை நீலமாகும். வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். அப்டேட் நடக்கிறது, அணைக்காதே என்று வரும். பத்து நிமிஷமும் ஆகும், அரை மணியும் ஆகும். என்னோடு ஷிப்ட் மாற்றுகிற பஷீர் பாய் முதல் தடவை பார்த்துவிட்டு, "சாப்புடப் போயிருக்குண்ணே. கை கழுவிட்டு வரும், உக்காருங்க" என்றார்.

ஏன் ஒரு மணி என்று கம்ப்யூட்டர் பிரிவில் விசாரித்தேன். எல்லா ஆபீசிலும் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், யாரும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார்கள், அதனால் ஆலை முழுவதற்கும் அந்த நேரத்தைக் குறித்துவிட்டார்களாம். ஆபீஸ் சாப்பிடப் போகும். லைனில் இருக்கிறவன் அப்போதுதான் சாப்பிடுவதற்காக அவசர அவசரமாக இறங்குவான். நாள் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் எப்போது வேண்டுமானாலும் தூங்கலாம், பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை மட்டும் கூடாது. அதைச் சொன்னேன். "ஒரு மெயில் போடுங்க" என்றார்கள். பஷீர் பாய் மகனிடம் சொல்லி மெயிலும் போட்டேன். பதில் வரவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை பதினொரு மணிக்கு ஆற்று லைனை நிறுத்தி மதியழகனுக்குக் கொடுத்தேன். அவன் சூப்பர்வைசர், அவனோடு சேர்த்து நான்கு பேர். பேரை ஏற்றினேன், சிவப்பானது. கதவுக்குப் பின்னாலிருந்த பலகையை எடுத்து மேசை மேல் சாய்த்து அதிலும் எழுதினேன். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சின்னதுரை ஃபோன் செய்தான். அவன் அப்போது சுரங்கப் பிரிவு. மதியழகன் ஆள் இல்லை.

"ண்ணே, திருமழபாடி கிட்ட நிக்கறேன். இங்க ஒரு இன்சுலேட்டரு பீங்கான் வெடிச்சிருக்குன்னு போன வாரமே சொன்னேன்ல? ஆத்து லைன்தான் நின்னுருக்கே, அதையும் மாத்திப்புட்டு வந்துடறேன்."

"மதி கிட்ட சொன்னியா?"

"அவரு நாலு கிலோமீட்டரு தள்ளி நிக்கறாரு. நீங்க பேர ஏத்திக்கங்கண்ணே."

பலகையில் சின்னதுரை என்று எழுதினேன். பிறகு கம்ப்யூட்டரில் ஐந்தாவது பேராக அடித்தேன். என் இரண்டு விரல் வேகம் உங்களுக்குத் தெரியும். அடித்து முடித்து சேவ் பட்டனை அமுக்கவும் திரை நீலமாகவும் சரியாக இருந்தது. மணி ஒன்று.

இருபது நிமிஷம் புள்ளிகள் சுற்றின. பஷீர் பாய் மதிய ஷிப்டுக்குச் சீக்கிரமாகவே வந்துவிட்டார். திரை திரும்ப வந்ததும் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தேன். ஆற்று லைன் பச்சையாக இருந்தது. மொத்தம் நான்கு பேர், நான்கு பேரும் இறங்கியாச்சு, பர்மிட் முடிந்தது. நடுவில் மதியழகன் அமுக்கியிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குத் தெரிந்தது நான்கு பேர். தப்பித் தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் இறக்கிவிட அவர்கள் போட்டிருந்த எர்த் கம்பியையும் கழற்றிச் சுருட்டிவிட்டார்கள். நான்கு பேரிடமும் பேசி, பலகையில் அவர்கள் பேரை அழித்தேன். ஐந்தாவது பேர் பலகையில் மட்டும்தான் இருந்தது.

சின்னதுரைக்கு ஃபோன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. கம்பத்தில் ஏறும்போது ஃபோனை வண்டி டேங்க் கவரில் வைத்துவிட்டுத்தான் ஏறுவான். எல்லோரும் அப்படித்தான்.

ஒன்றரைக்கு சந்தானம் சார் கூப்பிட்டார்.

"தங்கராசு, ஆத்து லைன் ஏன் இன்னும் போடல?"

"ஒரு ஆளு பாக்கி சார்."

"என் ஸ்க்ரீன்ல நாலு பேரு. நாலு பேரும் முடிச்சாச்சு."

"அஞ்சாவதா சின்னதுரை சார். நான்தான் பேர ஏத்தினேன். ஏத்துறப்ப அப்டேட் வந்துடுச்சு."

"ஏத்தியிருந்தீங்கன்னா இருக்கணுமே?"

"இருக்கணும்தான் சார். இல்ல."

"டேங்க்ல இருக்கற தண்ணி இன்னும் அரை மணி நேரத்துக்குத்தான் வரும். அப்புறம் கில்ன நிறுத்தணும். தெரியுமில்ல?" என்றார். கில்ன் என்பது கல்லும் மண்ணும் வேகிற பெரிய உருளை. அது நின்றால் திரும்பச் சூடேற்றி ஓட வைக்க ஒரு பகல் போய்விடும். அவர் பயம் நியாயமானதுதான்.

மதியழகனைக் கூப்பிட்டேன். "மதி, வண்டியத் திருப்பு. லைனோடயே திருமழபாடி வரைக்கும் போயி சின்னதுரை எங்க இருக்கான்னு பாரு."

"ண்ணே, இப்பத்தான் டிபன் பாக்ஸத் தொறந்தோம்..."

"மூடு. சோறு எங்கயும் ஓடிடாது."

"அவன் எங்கயாவது டீக்கடையில உக்காந்து கத அளந்துக்கிட்டிருப்பாண்ணே."

"இருந்தா அங்கேருந்தே பேசச் சொல்லு. நீ சொல்லாத. அவன் பேசணும்."

ஒன்றேமுக்காலுக்கு சந்தானம் சாரே வந்துவிட்டார். ஹெல்மெட் இல்லாமல் ஆலைக்குள் அவர் நடந்து அன்றுதான் பார்த்தேன். நாற்காலி கோணலாகக் கிடந்தது, அதை அவர் பார்க்கவே இல்லை.

"தங்கராசு. தங்கராசு." இரண்டு தடவை. "சுரங்கப் பிரிவுல கேட்டேன். சின்னதுரைக்கு இன்னிக்கு ஆத்து லைன்ல வேலையே கெடையாதுன்னு சொல்றாங்க. சிஸ்டத்துல இல்ல. அவங்க லிஸ்ட்டுல இல்ல. உங்க போர்டுல மட்டும் இருக்கான். நான் கழட்டச் சொன்ன போர்டுல."

"ஆமாங்க சார்."

"நீங்க தப்பா எழுதியிருக்கலாம் இல்ல? நேத்துப் பேரு அழிக்காம இருந்திருக்கலாம் இல்ல?"

கயலு, அந்தக் கேள்விதான் என்னை ஆட்டிவிட்டது. ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது. கம்ப்யூட்டர் இல்லை என்கிறது, அவன் ஆபீஸ் இல்லை என்கிறது, மேனேஜர் இல்லை என்கிறார். அவன் பேசினதைக் கேட்டது என் காது மட்டும்தான். ஃபோனை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்தைந்து, சின்னதுரை. அதை அவரிடம் காட்டினேன்.

"பேசினான்னுதான் இது காட்டும். கம்பத்துல ஏறினான்னு காட்டுமா?" என்றார். படித்தவர் கேட்கிற கேள்வி.

"போடுங்க. என் பொறுப்பு" என்றார்.

"எழுதிக் குடுங்க சார்."

பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் சாவியை எடுத்து மேசையில் அவர் முன்னால் வைத்தேன்.

"எழுதிக் குடுத்தாலும் நான் போட மாட்டேன் சார். சாவி இந்தா இருக்கு. போடறதா இருந்தா நீங்க போடுங்க. அஞ்சாவது ஆளு கொரல் கேக்காம என் கை அந்த ஸ்விட்சுக்குப் போவாது."

அப்போது கயல் காலேஜில் மூன்றாவது வருஷம், இளங்கோ பிளஸ் டூ. எனக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. அதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததா என்றால், வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

சந்தானம் சார் சாவியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார். எழுதவில்லை. சாவியையும் தொடவில்லை. கோணலாகக் கிடந்த அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கில்ன் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, "நிறுத்திடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஃபோன் வந்தபோது மணி இரண்டே கால். ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் மதியழகன் மூச்சு வாங்குவது கேட்டது. "ண்ணே... மேலதாண்ணே இருக்கான். நட்டு துருப்புடிச்சுக் கழலலன்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான். கையி லைன் மேலயே இருக்குண்ணே. இந்தா எறங்கறான்."

"அவன் கிட்ட குடு."

சரசரவென்று ஏதோ சத்தம். பிறகு ஒன்றும் தெரியாதவன் போல அந்தக் குரல்.

"ரெண்டு காலும் தரையில இருக்குண்ணே. செருப்புகூட ரெண்டும் இருக்கு. என்ன, இந்த மதியண்ணன் கண்ணு கலங்கி நிக்கறாரு?"

நான் பேரை அழித்தேன். சந்தானம் சார் எழுந்தார். "போடுங்க" என்றார். வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாளிலிருந்து நான் பன்னிரண்டரை மணிக்கு அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்குவேன், இரண்டரைக்குச் சொருகுவேன். வயர் இல்லாவிட்டால் அப்டேட் வராது என்று நினைத்தேன். அது எவ்வளவு சரி என்று கயலுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் மேலதிகாரிகளின் திரையில் ஒன்றும் தெரியாது. ஐந்தாம் நாள் மெமோ வந்தது. இங்கிலீஷில் இருந்தது. தமிழில் கொடுத்தால்தான் வாங்குவேன் என்றேன். சிரித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். உற்பத்தியை நிறுத்தியது, உத்தரவை மீறிப் பலகை வைத்திருந்தது, வயரைப் பிடுங்கியது என்று மூன்று குற்றம். கூடவே மன்னிப்புக் கடிதமும் டைப் அடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் போதும்.

உங்கள் அம்மா, "போட்டுடுங்களேன், ஒரு கையெழுத்துதானே" என்றாள். நான் போடவில்லை. மெமோவுக்கு என் கையால் பதில் எழுதினேன். "மூன்றும் நான் செய்ததுதான். ஐந்தாவது ஆளின் குரல் கேட்கவில்லை. மறுபடி இப்படி நடந்தால் மறுபடியும் இப்படித்தான் செய்வேன்." இரண்டு நாள் யோசித்தேன், இதற்கு மேல் எழுத ஒன்றும் தோன்றவில்லை.

சப்-ஸ்டேஷனிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கடைசிப் பதினாலு மாதம் காலனித் தண்ணீர் மோட்டார் போட்டு நிறுத்துகிற வேலை. உங்களிடம் "வேலை லேசாயிடுச்சு" என்று சொன்னேனே, அது இதுதான். தண்டனை என்று நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

நான் போன மூன்றாவது வாரம் பஷீர் பாய் ஃபோன் செய்தார். "ண்ணே, ஒரு மணி அப்டேட்ட எடுத்துட்டாங்க. இப்ப நாம அமுக்கினாத்தான் ஆரம்பிக்குது. அப்புறம், உங்க போர்டு பழைய எடத்துலயே மாட்டியிருக்கு. யாரு மாட்டுனதுன்னு கேட்டா யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. ஆனா மட்டம் புடிச்ச மாதிரி நேரா இருக்குண்ணே, ஒரு நூலு கோணல் இல்ல" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அந்த மனுஷர் என்னிடம் வருத்தப்பட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. எதிரெதிரே பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொண்டோம்.

மன்னிப்புக் கடிதம் பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது. கையெழுத்து இடம் காலியாகத்தான் கிடக்கிறது. எடுத்துப் பாருங்கள், கிழித்துவிடாதீர்கள்.

கயலு, அப்டேட் போடாவிட்டால் வைரஸ் வரும், திருடன் புகுந்துவிடுவான் என்று நீ சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். நீ படித்தவள். ஒருநாள் உன் ஆபீசிலேயே எங்கெங்கோ இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு நேரம் குறிக்கிற வேலை உனக்கு வரலாம். அப்போது உங்கள் சாப்பாட்டு நேரத்தை வைத்துக் குறிக்காதே. அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு ஃபோன் போடு. மெயில் வேண்டாம். "இப்ப யாராவது மேல இருக்காங்களா?" என்று கேள். அவன் பதிலை நீ உன் காதால் கேள்.

என் ஃபோன் விஷயம் இவ்வளவுதான். ஏழு மாதமாக அது என்னிடம் "இப்போதா, பிறகா?" என்று கேட்கிறது. நானும் ஏழு மாதமாகப் "பிறகு" என்று அமுக்குகிறேன். அந்த ஆற்று லைன் கம்ப்யூட்டர் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்கிற ஒன்றிடம் "பிறகு" என்று சொல்வதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தைப் பயம் என்று சொல்லாதே இளங்கோ.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கயல் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுவிடலாம். மத்தியானம் ஒரு மணிக்கு மட்டும் வேண்டாம்.